உயர்த்திய வண்டிக்குப் பின்பக்க ஷாக் மவுண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலைப்பாதையிலும் ஆற்றுப்படுகையிலும் ஓட்டுவதற்காக வண்டியை உயர்த்துகிறவர்கள் டயரைப் பற்றியும் ஸ்பிரிங்கைப் பற்றியும் மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். பின்பக்க ஷாக்கை (ஸ்பிரிங்கின் குதிப்பைத் தணிக்கும் ஷாக் அப்சார்பரை) எங்கே மாட்டுவது, அதாவது அதன் மவுண்ட் எங்கே வருவது என்பது மட்டும் வேலை முடிகிற நாள் சாயங்காலம் வெல்டர் கண்ணளவில் முடிவாகிறது. அதனால் வரும் சந்தேகங்களை என்னிடம் ஒரே மாதிரித் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டார்கள். அவற்றை இங்கே கேட்டவர்கள் சொன்னபடியே தொகுத்திருக்கிறேன்.

பின்னால் முழு ஆக்சிலும் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே குழாய்) லீஃப் ஸ்பிரிங்கும் (பட்டை அடுக்கு) உள்ள வண்டிகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்: பழைய மஹிந்திரா ஜீப்புகள், எம்.எம். 540, 2010-இல் வந்த முதல் தார், இசுசூ வி-கிராஸ் போன்ற பிக்கப்கள். 2020-இல் வந்த புதிய தாரில் பின்னால் காயில் ஸ்பிரிங். அளக்கும் முறை அதற்கும் பொருந்தும், பிராக்கெட் போடும் இடம் பொருந்தாது.

ஸ்பிரிங் தானே மாத்தினேன், ஷாக் மவுண்டை ஏன் தொடணும்?

ஷாக்குக்கு இரண்டு எல்லைகள் உண்டு. முழுதாக அமுங்கிய நீளம் ஒன்று, முழுதாக நீண்ட நீளம் இன்னொன்று. கம்பெனி வண்டியில் ஷாக் இவை இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். ஸ்பிரிங்கை உயர்த்தியதும் சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மேலே போகிறது, ஆக்சில் தரையிலேயே இருக்கிறது, இரண்டு மவுண்டுக்கும் இடையே தூரம் கூடுகிறது. 4 இன்ச் உயர்த்தினால் ஷாக் நிற்கும்போதே ஏறக்குறைய 100 மி.மீ. நீண்டுவிடுகிறது. சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்க அதனிடம் மிச்சம் எதுவும் இருக்காது.

அப்புறம் பள்ளத்தில் ஆக்சிலின் மொத்த எடையையும் பிடித்துத் தொங்குவது ஷாக்தான். அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல. முதலில் புஷ் (போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர்) பிய்யும், பிறகு உள்ளே பிஸ்டன் கம்பியின் மரை இழுபடும், சில சமயம் மவுண்ட் சேஸிலிருந்து கிழிந்து வரும்.

நான் 2 இன்ச்தான் ஏத்தியிருக்கேன். எனக்கும் இதெல்லாம் வேணுமா?

பெரும்பாலும் வேண்டாம். பழைய மவுண்டிலேயே சற்று நீளமான ஷாக் போட்டால் போதும். நீளத்தைக் கடைக்காரர் சொல்வதை வைத்து வாங்காமல், நான்காவது கேள்வியில் உள்ளபடி அளந்து வாங்குங்கள். வெல்டிங் இல்லாமல் முடிகிற வேலையை வெல்டிங் வைத்து முடிப்பதில் எந்தப் பெருமையும் இல்லை.

கீழ் மவுண்டை ஒரு பிராக்கெட் வெச்சு மேலே தூக்கிட்டா பழைய ஷாக்கே போதுமே?

போதும், ஆனால் ஒரு விலை உண்டு. கீழ் மவுண்டை 50 மி.மீ. மேலே கொண்டுவந்தால், சக்கரம் மேலே ஏறும்போது ஷாக்கும் 50 மி.மீ. முன்னதாகவே முழுதாக அமுங்கிவிடும். ஆகவே பம்ப் ஸ்டாப்பையும் (ஆக்சில் மேலே ஏறுவதைத் தடுத்து நிறுத்தும் ரப்பர்) அதே அளவு கீழே இறக்க வேண்டும். அதைச் செய்யாதவர்களின் ஷாக்தான் முதல் மாதத்திலேயே எண்ணெய் கக்குகிறது.

இப்படிச் செய்த வண்டி உயரமாக நிற்கும், ஆனால் சக்கரம் மேலும் கீழும் போகும் தூரம் கம்பெனி அளவுதான். பெரிய டயர் உரசாமல் இருந்தால் போதும் என்பவருக்கு இது நியாயமான வழி. பாறையில் மூன்று சக்கரத்தில் நிற்க வேண்டாம் என்று நினைப்பவருக்கு மேல் மவுண்டைப் புதிதாகச் செய்வதே வழி.

சரி, எவ்வளவு நீளத்துக்கு ஷாக் வாங்கணும்? எப்படி அளக்கணும்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். சேஸை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, ஷாக்கைக் கழற்றிவிடுங்கள். லீஃப் கட்டில் மெயின் பட்டையை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற பட்டைகளை எடுத்துவிட்டு யூ போல்ட்டை முறுக்குங்கள். இப்போது ஆக்சில் தன் இடத்திலேயே இருக்கும், ஆனால் ஒரு ஜாக்கியால் லேசாக ஏற்றி இறக்கலாம். டயர் மாட்டியிருக்கட்டும், எங்கே உரசுகிறது என்பதும் அப்போதே தெரியும். பட்டை நிமிரும்போது ஷாக்கிள் (பட்டையின் பின்முனையைச் சேஸோடு இணைக்கும் ஆடும் துண்டு) சாய்ந்து ஆக்சில் சற்றுப் பின்னாலும் நகரும். அதனால் மேலே கீழே மட்டும் பார்க்காமல் முன்பின் நகர்வையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று அளவு எடுக்க வேண்டும்: பம்ப் ஸ்டாப் முழுதாக அமுங்கிய நிலை, வண்டி தன் எடையில் நிற்கும் நிலை, ஆக்சில் முழுதாகத் தொங்கும் நிலை. நிற்கும் நிலையின் அளவைப் பட்டைகளைக் கழற்றும் முன்பே, வண்டி தரையில் முழு எடையோடு நிற்கும்போது எடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றிலும் கீழ் போல்ட் நடுவிலிருந்து மேல் போல்ட் வரப்போகும் இடத்தின் நடுவரை. இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஏற்றி இறக்கினால் மட்டும் போதாது. ஒரு பக்கம் முழுக்க ஏறி மறுபக்கம் முழுக்கத் தொங்கும் நிலையையும் பாருங்கள். பாறையில் நிஜமாக நடப்பது அதுதான், எல்லைகளும் அப்போதுதான் வெளிப்படும்.

ஒரு ஜீப்பில் நான் எடுத்த அளவு இது: அமுங்கியபோது 435 மி.மீ., நிற்கும்போது 565, தொங்கும்போது 685. அதற்கு நான் தேடியது அமுங்கிய நீளம் 420, நீண்ட நீளம் 695 உள்ள ஷாக். அமுங்கும் பக்கம் 15 மி.மீ., நீளும் பக்கம் 10 மி.மீ. மிச்சம். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: 275 மி.மீ. ஓட்டம் (நீண்ட நீளத்துக்கும் அமுங்கிய நீளத்துக்கும் உள்ள வித்தியாசம்) உள்ள ஷாக்குக்கு, அமுங்கிய பிறகும் 420 மி.மீ. இடம் தேவைப்படுகிறது. ஓட்டம் கூடக்கூட உடலும் நீளும். நீள ஷாக்குக்காக மேல் மவுண்டை உயர்த்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பிக்கப்பின் தொட்டித் தரை இடிக்கும். தரையை வெட்டுவதா, ஓட்டத்தைக் குறைப்பதா என்பதை அளவு எடுத்த அன்றே முடிவு செய்யுங்கள், ஷாக் வாங்கிய பிறகு அல்ல.

நிற்கும்போது ஷாக் சரியா பாதியில இருக்கணுமா?

பாதி நல்ல தொடக்கம். மேலே சொன்ன ஜீப்பில் ஏற 130, இறங்க 120, ஏறக்குறைய பாதிக்குப் பாதி. மூட்டை ஏற்றும் பிக்கப்பாக இருந்தால் வெறும் வண்டியில் ஏறும் பக்கத்துக்கு அதிகம் விடுங்கள். சுமை வைத்ததும் வண்டி கீழே உட்காரும் அல்லவா.

பம்ப் ஸ்டாப் இல்லாமலே ஓட்டுறேன், ஒண்ணும் ஆகலையே?

இன்னும் ஆகவில்லை, அவ்வளவுதான். ஷாக்கின் வேலை வேகத்தைத் தணிப்பது. ஆக்சில் மேலே ஏறுவதை நிறுத்துவது பம்ப் ஸ்டாப்பின் வேலை. ரப்பர் இல்லாவிட்டால் ஷாக்கின் உள்ளே உலோகம் உலோகத்தில் மோதும், அந்த அடி முழுதும் நீங்கள் செய்த மவுண்டுக்குப் போகும். எவ்வளவு நல்ல வெல்டிங்கும் அந்த அடியை எத்தனை நாள் தாங்கும்?

தொங்கும் பக்கத்திலும் இதே நியாயம். லீஃப் ஸ்பிரிங் தானாகவே ஓரளவு இறக்கத்தைக் கட்டுப்படுத்தும். போதவில்லை என்றால் நாடா ஸ்ட்ராப் போடலாம். நாடா இழுபட்டுக் கொஞ்சம் நீளும் என்பதால் ஷாக் முழுதாக நீள்வதற்கு முன்பே அது இறுகும்படி கட்டுங்கள்.

ஷாக்கை எவ்வளவு சாய்க்கலாம்? எல்லாரும் உள்பக்கமா சாய்ச்சுத்தான் வைக்கிறாங்க.

சேஸ் உள்ளே இருக்கிறது, சக்கரம் வெளியே இருக்கிறது. ஆகவே கொஞ்சம் சாய்வு தவிர்க்க முடியாது. சாய்க்கும்போது இரண்டு வகையில் இழப்பு: ஷாக் அமுங்கும் தூரம் குறைகிறது, அது தரும் விசையிலும் ஒரு பங்குதான் நேராக மேல்கீழாக வேலை செய்கிறது. இரண்டும் பெருக்கலில் சேரும். நேராக நிற்கும் ஷாக்கை 100 என்று வைத்தால் 20 டிகிரி சாய்வில் சுமார் 88, 30 டிகிரியில் 75, 45 டிகிரியில் 50. அதனால் 20-க்குள் நிறுத்தப் பாருங்கள். 30-ஐத் தாண்டினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஷாக்கும் முக்கால் வேலைகூடச் செய்யாது.

இன்னொன்று, கீழ் மவுண்டைச் சக்கரத்திலிருந்து எவ்வளவு உள்ளே தள்ளுகிறீர்கள் என்பது. இரண்டு கீழ் மவுண்டுக்கும் இடையே உள்ள தூரம் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரத்தில் 60 விழுக்காடு என்றால், வண்டி பக்கவாட்டில் ஆடுவதைத் தணிக்கும் வலு 36 விழுக்காடாகிவிடும். உயர்த்திய வண்டி ஏற்கெனவே ஆடும். நடுவில் ஒரே குறுக்குப் பைப்பில் இரண்டு ஷாக்கையும் வி வடிவத்தில் கட்டுவது பார்க்க அழகாக இருக்கும், கொண்டை ஊசி வளைவில் அதன் வித்தியாசம் உடம்புக்குத் தெரியும்.

ஒரு ஷாக் ஆக்சிலுக்கு முன்னால, இன்னொண்ணு பின்னால இருக்கு. புதுசா செய்யும்போது ரெண்டையும் பின்னால வெச்சிடலாமா?

பல பிக்கப்களில் கம்பெனியே அப்படி மாற்றி வைக்கிறது. வேகமாக ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் லீஃப் ஸ்பிரிங் எஸ் வடிவத்தில் முறுக்கிக்கொள்ளும், ஆக்சில் ஹவுசிங் சுழலப் பார்க்கும். முன்னும் பின்னுமாக ஷாக் இருந்தால் அந்தச் சுழற்சியும் தணிகிறது, சக்கரம் குதிப்பது குறைகிறது. பெட்ரோல் டாங்கும் சைலன்சரும் இடம் கொடுத்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். உயரமான பிளாக் (ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே வைக்கும் கட்டை) வைத்து ஏற்றிய வண்டியில் இந்த முறுக்கல் இன்னும் அதிகம்.

கீழ் மவுண்டை ஆக்சில்ல எங்க வைக்கிறது?

ஆக்சில் குழாயின் அடிமட்டத்துக்குக் கீழே எதுவும் தொங்கக் கூடாது. அப்படித் தொங்குகிற காது (ஷாக்கின் போல்ட் போகும் துளையுள்ள தகடு) ஒரு கலப்பை மாதிரி, முதல் பாறையிலேயே மடங்கும். குழாயின் பின்புறம், நடுக்கோட்டுக்குச் சற்று மேலே வைத்தால் பாதுகாப்பு. டயரின் உட்சுவருக்கும் ஷாக் உடலுக்கும் இடையே எல்லா நிலையிலும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் தொங்கும்போதுதான் டயர் உள்ளே சாயும்.

நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் கூடு வார்ப்பு என்றால் அதில் சாதாரண ராடு வைத்து வெல்டிங் வைக்காதீர்கள். பக்கத்துக் குழாய் எஃகு, வேலை அதில்தான்.

என்ன தகடு, என்ன பைப், என்ன போல்ட்?

காதுகளுக்கு 6 மி.மீ. எம்.எஸ். (சாதாரண எஃகு) தகடு, பட்டறைக் கணக்கில் 2 நூல். ஷாக்கின் கண் (முனையில் போல்ட் போகும் வளையம்) இரண்டு காதுகளுக்கு நடுவில் உட்காரும்படி செய்யுங்கள். ஒரே பக்கம் நீட்டிய முளையில் மாட்டினால் முழு விசையும் அந்த முளையை வளைக்கப் பார்க்கும், அதன் அடி வெல்டிங் நாளடைவில் வெடிக்கும். இரு பக்கமும் தாங்கினால் வளைவு அநேகமாக இல்லை. காதுகளின் பக்கவாட்டில் ஒரு சிறிய முக்கோணத் தகடு வைத்துவிடுங்கள். செலவு ஒன்றுமில்லை, ஆடாமல் நிற்கும்.

மேலே சேஸ் விட்டுச் சேஸ் போகும் குறுக்குப் பைப்புக்கு 42 மி.மீ. வெளிவிட்டம், 3 முதல் 4 மி.மீ. சுவர் உள்ள கறுப்பு பைப் போதுமானது. சீம்லெஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. ஜி.ஐ. பைப் வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு வெல்டிங்கைக் கெடுக்கும், புகை வெல்டருக்குக் காய்ச்சல் கொண்டுவரும். போல்ட் 12 மி.மீ., தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்தது, நைலாக் நட். தகட்டுக்குள் மரை உட்காராமல் வழுவழுப்பான பகுதி உட்காரும் நீளத்தில் வாங்குங்கள். துளையை டிரில்லில் போடுங்கள். கேஸ் கட்டிங்கில் போட்ட துளை வட்டமாகவும் இருக்காது, விளிம்பு கெட்டிப்பட்டு விரிசலுக்கும் வழி வைக்கும்.

சேஸில வெல்டிங் வைக்கலாமா, போல்ட் போடணுமா?

இரண்டும் சரியாகச் செய்தால் நிற்கும், இரண்டும் தவறாகச் செய்தால் சேஸைப் பிளக்கும். என் முதல் ஜீப்பில் நடந்ததைச் சொல்கிறேன். மேல் பிராக்கெட்டை சேஸின் பக்கச் சுவரில் வைத்து, உறுதியாக இருக்கட்டும் என்று கீழ் விளிம்புக்குக் குறுக்காகவும் ஒரு வெல்டிங் வைக்கச் சொன்னேன். நான் சொன்னபடிதான் வெல்டர் வைத்தார். சில மாதம் கழித்து ஒரு எஸ்டேட் பாதையில் இறங்கும்போது பின்னால் ஒரு சத்தம். படுத்துப் பார்த்தால் அந்த வெல்டிங் ஓரத்திலிருந்து சேஸின் கீழ் விளிம்பு வெடித்துப் பக்கச் சுவரில் பாதி வரை ஏறியிருந்தது. வண்டியில் நான்கு பேர் இருந்தோம். அதை இன்றும் மறக்க முடியவில்லை.

சேஸ் வளையும்போது அதிக இழுப்பு மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும்தான். அங்கே குறுக்கே வெல்டிங் வைப்பது, கிழிக்க வேண்டிய துணியில் முதல் வெட்டு போட்டுக் கொடுப்பது போல. எனவே பக்கச் சுவரில் முதலில் 4 மி.மீ. அளவில் ஒரு தகடு, அதன் முனைகள் சாய்சதுரமாக அல்லது மீன்வாய் போல வெட்டியவை. வெல்டிங் சேஸின் நீளவாக்கில் ஓடட்டும், விளிம்பிலிருந்து தள்ளியே நிற்கட்டும். பிராக்கெட் இந்தத் தகட்டின் மேல்.

போல்ட் என்றால் பெட்டி வடிவச் சேஸில் உள்ளே ஒரு குழாய்த் துண்டு வைத்து, அதன் வழியாகப் போல்ட்டைச் செலுத்துங்கள். இல்லாவிட்டால் முறுக்க முறுக்கச் சுவர் உள்ளே அமுங்கும், போல்ட் இறுகவே இறுகாது.

ஆர்க் வெல்டிங் போதுமா, சி.ஓ.டூ.தான் வேணுமா?

கை நல்லதாக இருந்தால் இரண்டும் போதும் (சி.ஓ.டூ. என்பது கேஸ் பாய்ச்சிக் கம்பி ஊட்டிச் செய்யும் வெல்டிங்). ஆர்க் என்றால் 7018 ராடு, ஈரமில்லாமல் உலர்த்தியது. தகடு சூடேறி வெல்டிங் உள்ளே இறங்க வேண்டும். 6 மி.மீ. தகட்டில் சின்ன மெஷினைக் குறைந்த ஆம்பியரில் வைத்து ஓட்டினால் மேலே அழகாகப் படிந்திருக்கும், உள்ளே பிடித்திருக்காது. பெயின்ட், துரு, கிரீஸ் எல்லாவற்றையும் கிரைண்டரில் எடுத்துவிட்டே ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் டேக் (ஆங்காங்கே வைக்கும் சிறு பிடிப்பு வெல்டிங்) மட்டும். டேக் வைத்த பிறகு ஷாக்கை மாட்டி, ஆக்சிலை மறுபடி மேலும் கீழும் ஒரு முழுச் சுற்று ஓட்டிப் பாருங்கள். எங்காவது இடித்தால் கிரைண்டர் ஒரு நிமிடத்தில் பிரித்துவிடும். முழு வெல்டிங் வைக்கும்போது ஷாக் அருகில் இருக்கக் கூடாது. உள்ளே அழுத்தமான கேஸும் எண்ணெயும் இருக்கின்றன. ஆக்சில் குழாயில் ஒரே பக்கம் நீளமாக ஓட்டினால் குழாய் வளையும். ஒரு இன்ச், அப்புறம் எதிர்ப்பக்கம் ஒரு இன்ச், நடுவே ஆற விடுவது என்று போங்கள்.

வெல்டிங்குக்கு முன்னால என்னென்ன கழட்டணும்?

பேட்டரியின் இரண்டு வயர்களும். புதிய வண்டி என்றால் இ.சி.யு. இணைப்பும். எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் துண்டிலேயே, பக்கத்தில் பிடியுங்கள். தூரத்தில் பிடித்தால் மின்சாரம் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும். பிரேக் பைப், எண்ணெய்க் குழாய், ஆக்சில் முனையருகே வேலை என்றால் சீல் இருக்கும் பக்கத்து ஷாஃப்ட். லீஃப் பட்டையின் மேல் ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். பட்டை பதப்படுத்திய எஃகு, ஒரு தெறிப்பு ஒட்டினாலும் பின்னாளில் அங்கேதான் உடையும்.

டாங்கைக் கழற்றி வெளியே, தூரமாக வையுங்கள். காலி டாங்க்தானே என்று விடாதீர்கள். நிறைந்த டாங்கைவிட ஆவி நிரம்பிய காலி டாங்க் ஆபத்தானது.

எல்லாம் சரியா செஞ்சும் புஷ் சீக்கிரம் பிஞ்சு போகுது. ஏன்?

கண்ணின் திசையைப் பாருங்கள். போல்ட் எந்தத் திசையில் போகிறதோ, அதைச் சுற்றி ஷாக் தாராளமாக ஆடும். மற்றத் திசையில் ரப்பர் நெளிகிற அளவுக்குத்தான் ஆடும். பாறையில் ஆக்சில் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கும்போது ஷாக் பக்கவாட்டில் சாய்கிறது. அதற்குப் போல்ட் வண்டியின் நீளவாக்கில் போக வேண்டும். பழைய வண்டிகளில் முளை பக்கவாட்டில் நீண்டிருக்கும். குறைந்த ஓட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது, இப்போது போதவில்லை. புதிதாகச் செய்யும்போது இரண்டு முனையையும் நீளவாக்கில் திருப்பிவிடுங்கள்.

ஷாக்கைத் தலைகீழா மாட்டலாமா?

மோனோட்யூப் (ஒற்றைக் குழாய்) என்றால் மாட்டலாம். இரட்டைக் குழாய் ஷாக் என்றால் கூடாது. அதன் வெளிக்குழாயில் எண்ணெய்க்கு மேல் காற்றோ கேஸோ இருக்கும், கவிழ்த்தால் அது வால்வுக்குள் வந்து ஷாக் வேலை செய்யாது.

சக்கரத்துக்கு ரெண்டு ஷாக் வெச்சா பாறையில நல்லா இருக்குமா?

மெதுவாகப் பாறை ஏறும் வண்டிக்கு அது எதையும் கூட்டாது, சாலையில் உடம்பை உலுக்கும். ஒரு நல்ல ஷாக்கை நேராக நிறுத்துவது, சாய்த்து வைத்த இரண்டைவிட மேல். சாய்வுக் கணக்கை மேலே பாருங்கள்.

உயர்த்தினதுக்கு அப்புறம் பின் பிரேக் பிடிக்கவே மாட்டேங்குது. ஷாக்குக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

ஷாக்குக்கு இல்லை, உயரத்துக்கு உண்டு. பல பிக்கப்களிலும் ஜீப்புகளிலும் சேஸுக்கும் ஆக்சிலுக்கும் இடையே ஒரு கம்பி இருக்கும். பின்னால் சுமை ஏறிச் சேஸ் தாழ்ந்தால் அது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். வண்டியை உயர்த்தியதும் அது வண்டியில் சுமையே இல்லை என்று எடுத்துக்கொண்டு அழுத்தத்தைக் குறைத்துவிடுகிறது. கம்பியின் பிராக்கெட்டை உயர்த்திய அளவுக்கு ஈடுசெய்து மாற்ற வேண்டும். அதே நேரம் பிரேக் ஹோஸையும் பாருங்கள். ஆக்சில் முழுதாகத் தொங்கும்போது ஹோஸ் தளர்ந்தே இருக்க வேண்டும்.

ஆர்.டி.ஓ.வில பிரச்சினை வருமா?

வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் காப்பீட்டிலும் இது கேள்வியாக எழும். தனியார் நிலத்தில் நடக்கும் பந்தயத்துக்கென்று வண்டி வைத்திருப்பவர்கள் அதை லாரியில் ஏற்றிக் கொண்டுபோவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

செஞ்சு முடிச்ச மவுண்ட் நல்லா இருக்கா, வெடிக்கப் போகுதான்னு எப்படித் தெரியும்?

வெல்டிங் மேல் கறுப்பு பெயின்ட் அடிக்காதீர்கள். வெளிர் சாம்பலோ வெள்ளையோ அடித்தால் விரிசல் ஒரு துருக் கோடாகத் தானே காட்டிக்கொடுக்கும். முதல் 100 கிலோமீட்டரில் எல்லாப் போல்ட்டையும் யூ போல்ட்டையும் மறுபடி முறுக்குங்கள். பிறகு ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் வண்டியைக் கழுவி, டார்ச்சோடு கீழே படுத்து, வெல்டிங் முடியும் ஓரத்தைப் பாருங்கள். விரிசல் நடு வெல்டிங்கில் அரிதாகத்தான் வரும், ஓரத்தில்தான் தொடங்கும். சந்தேகமான இடத்தில், உள்ளே ஊறும் சிவப்புச் சாயத்தை அடித்து, துடைத்து, மேலே வெள்ளைப் பொடி தெளித்தால் முடியளவு கோடும் தெரியும். வெல்டிங் பொருள் விற்கும் கடைகளில் அந்த மூன்று ஸ்ப்ரே டப்பாக்களும் கிடைக்கும்.

விரிசல் தெரிந்தால் அதன் மேலேயே வெல்டிங் வைத்து மூடாதீர்கள். அதன் முனையைக் கண்டுபிடித்து அங்கே ஒரு சிறு துளை போட்டு, கோடு முழுவதையும் கிரைண்டரில் அடிவரை எடுத்துவிட்டு, பிறகு நிரப்புங்கள். அதற்கும் முன்னால் அது ஏன் வந்தது என்று பாருங்கள். ஷாக் அடிதட்டுகிறதா, தொங்கும்போது இழுபடுகிறதா என்று ஜாக்கியை வைத்து மறுபடி அளந்தால் பெரும்பாலும் காரணம் அங்கேயே கிடைக்கும்.